தொண்ணூற்றாறு தாள்களும் ஒரு லேமினேஷனும்

மூன்றாம் மாடி வீட்டுப் பெண்ணுக்கு மூளை கலங்கிவிட்டது என்று அந்தக் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவர் முதல் மாடிப் பல் டாக்டர். அவர் சொன்ன ஆதாரம் இது: அந்தப் பெண் மாடிப்படியில் நின்றுகொண்டு, இல்லாத மூட்டையைத் தூக்குகிறாள். குனிகிறாள், மூச்சைப் பிடிக்கிறாள், முழங்கால் நடுங்க அதைத் தோளில் ஏற்றுகிறாள், இரண்டு படி ஏறியதும் இறக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். ஒரு நாள் டாக்டர் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார். எதற்கு ஒதுங்கினோம் என்று அவருக்கே பிறகுதான் உறைத்ததாம்.

விசாரித்துப் பார்த்ததில் பேச்சில் பாதி உண்மை. மூட்டை இல்லை என்பது சரிதான். மூளை பத்திரமாக இருந்தது. கலங்கிப் போயிருந்தது அவளுடைய அப்பா.

அப்பாவை அக்கம்பக்கத்தில் ஃபைல் சார் என்பார்கள். அரசு அலுவலகத்தின் ஆவண அறையில் இருபத்தேழு வருட சர்வீஸ். வெளியில் மழையா வெயிலா என்று அந்த அறைக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவரும் ஆசைப்பட்டதில்லை. ஒரு தாள் அவர் கைக்கு வந்தால் மூன்று காரியம் நடக்கும்: தூசு தட்டுவார், இடது மூலையில் துளை போடுவார், டேக் கோத்துக் கட்டுவார். முக்கியமான தாள் என்றால் நான்காவதாக லேமினேஷன். மகளின் பள்ளிச் சான்றிதழ், தன் கல்யாணச் சான்றிதழ், ஃப்ரிட்ஜின் உத்தரவாத அட்டை எல்லாம் பளபளவென்று இருக்கும். மனைவியை மட்டும்தான் இன்னும் லேமினேட் செய்யவில்லை, அதுவும் அந்த அம்மாள் கையெழுத்துப் போட மறுத்ததால் என்று அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு.

இப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் பள்ளி முடித்ததும் சொன்னாள்: "அப்பா, நான் அனிமேஷன் படிக்கப் போறேன்."

"பொம்மைப் படம் பாக்கறதுக்கு எதுக்கும்மா படிப்பு?"

"பாக்கறதுக்கு இல்லப்பா. எடுக்கறதுக்கு."

"அதான் இப்ப கம்ப்யூட்டரே எடுத்துடுதே."

"அப்ப உங்க ஃபைலை எல்லாம் கம்ப்யூட்டரே வச்சுக்கலாமே, நீங்க எதுக்குப் போறீங்க?" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் வந்தது. ஃபைல் சார் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் உத்தரவாத அட்டையைத் துடைக்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. உலகத்தில் எந்தத் தொழிலிலும் அவருக்கு ஒரு ஆளைத் தெரியும். அந்த ஆளுக்கு இவரைத் தெரியுமா என்பது வேறு விஷயம். அவர் மூவரையும் ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்த அனிமேஷன் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனார். சுவரில் நெருப்புக் கக்கும் டிராகன். அதன் வாலுக்கு நேர் கீழே டை கட்டிய ஆலோசகர். ஆறு மாதப் படிப்பு, நூறு சதவீத வேலை உறுதி.

"பென்சில் பேப்பர் எல்லாம் வாங்கணுமா?" என்று ஃபைல் சார் கேட்டார். பேப்பர் என்றால் அவருக்கு ஒரு பிடிப்பு.

"அதெல்லாம் அந்தக் காலம் சார். இங்க பட்டன்தான்."

மகள் கேட்டாள்: "இங்க படிச்சு வேலைக்குப் போன யாரையாவது பாக்க முடியுமா?"

ஆலோசகர் டையைச் சரிசெய்துகொண்டு புன்னகைத்தார். "உங்க முன்னாடிதானேமா உக்காந்திருக்கேன்."

மாமா மட்டும் கைகுலுக்கிவிட்டு வந்தார்.

மகள் மனதில் இருந்தது நான்கு வருடக் கலைக் கல்லூரி. பன்னிரண்டு இடம், முன்னூற்று நாற்பது விண்ணப்பம். மதிப்பெண் கேட்கமாட்டார்கள். ஒரு மனிதன் கனமான ஒன்றைத் தூக்குவதைத் தாள் தாளாகப் பென்சிலில் வரைந்து, அசல் தாள்களை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். கட்டைவிரலால் விர்ரென்று புரட்டினால் அந்த ஆள் அசைய வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. கனம் முதலில் முழங்காலில் இறங்குமா இடுப்பிலா என்று தெரியாமல் வரைய முடியாது. அதனால்தான் மாடிப்படி, இல்லாத மூட்டை, எதிரே படம் பிடிக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்த போன், பல் டாக்டர்.

ஃபைல் சார் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். "அங்க கிடைச்சா அங்க. கிடைக்கலன்னா பி.காம். லிஸ்ட் வந்த மறுநாளே சேரணும், ஃபார்ம் நிரப்பியாச்சு." நிரப்பியது மட்டுமில்லை, துளை போட்டு டேக்கும் கோத்தாயிற்று.

இரண்டு மாதம் உட்கார்ந்து அவள் தொண்ணூற்றாறு தாள் வரைந்தாள். நேர்காணலுக்கு முந்தின நாள் மத்தியானம், பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனாள். வீட்டில் அப்பா தனியாக. மேஜையில் அந்தக் கட்டு.

அவர் கெட்டவர் இல்லை. மகள் இரண்டு மாதமாகக் கழுத்து வலியோடு குனிந்து கிடந்ததைப் பார்த்து உள்ளுக்குள் இளகிப் போயிருந்தார். நாமும் ஒரு கை கொடுப்போமே என்று நினைத்தார். தாள்களில் விரல் கறை, ஓரமெல்லாம் சுருட்டல், இடது மூலையில் ஏதோ கிறுக்கல் எண்கள். இதைப் போய்ப் பெரிய மனிதர்கள் முன்னால் நீட்டுவதா? கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்தார்.

மகள் திரும்பி வந்தபோது தொண்ணூற்றாறு தாளும் கண்ணாடி மாதிரி மின்னின. இடது மூலையில், எண் இருந்த இடத்தில், அழகான வட்டத் துளை. பச்சை டேக்.

அவள் டேக்கை அவிழ்த்து, கட்டை அவர் கையில் கொடுத்தாள். "புரட்டுங்கப்பா. கட்டைவிரலால."

புரட்டினார். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, மீன் கூடை கவிழ்ந்தது போல் தரையெங்கும் சறுக்கி ஓடின.

"அந்த நம்பர்தான் வரிசைப்பா" என்றாள். "இப்ப எது முன்ன எது பின்னன்னு எனக்கே தெரியாது." தொண்ணூற்றாறு பேரும் அதே ஆள், அதே மூட்டை.

"பி.காம் ஃபார்ம் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் அவரைத் தரையில் உட்கார வைத்தது.

வரிசை கெட்ட தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர் உடம்பு பழகியதில்லை. ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். "இதுல தோள் ஒரு நூல் கீழ இருக்கு" என்றார். "அப்ப இது பின்னாடி." "இதுல குதிகால் தூக்கியிருக்கு. இதுல இல்ல." பத்தாவது தாளில் அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூடத்தில் ஆரம்பித்த வரிசை படுக்கையறைக்குள் போய், கட்டிலைச் சுற்றித் திரும்பி வந்தது. அம்மா காப்பித் தம்ளரோடு தாண்டித் தாண்டி நடந்தாள்.

அடுக்கி முடித்து, சரிபார்க்க முதல் தாளிலிருந்து குனிந்தபடியே விறுவிறுவென்று நடந்தார் ஃபைல் சார். பாதி வழியில் நின்றார்.

"தூக்கிட்டான்மா" என்றார்.

"யாரு?"

"இவன். நான் நடந்தா இவன் தூக்கறான்."

மகள் எழுந்து, தானும் நடந்து பார்த்தாள்.

மறுநாள் நேர்காணல் அறையில் மூன்று பேர். அவள் தாள்களை மேஜையில் வைக்காமல் தரையில் நீளமாகப் பரப்பினாள். "நீங்கதான் நடக்கணும் சார்" என்றாள். மூன்று பேராசிரியர்களும் முதுகை வளைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். நாற்பதாவது தாள் அருகில் நடுவில் வந்தவர் நின்றுவிட்டார். அங்கே காலில் ஒரு தடுமாற்றம். உண்மையில் ஃபைல் சார் இரண்டு தாளை முன்பின்னாக வைத்திருந்தார். பேராசிரியரோ, "இந்தத் தயக்கத்துலதான் மனுஷன் தெரியறான்" என்று மற்ற இருவருக்கும் விளக்கினார். மகள் அடக்கமாகத் தலையசைத்தாள். கலைக் கல்வியில் அவள் கற்ற முதல் பாடம் அது.

பட்டியலில் பதினொன்றாவது பெயர் அவளுடையது. பி.காம் ஃபார்ம் இப்போது வீட்டில் ஒரு ஃபைலில் இருக்கிறது, தலைப்பு: முடிந்தவை.

ஃபைல் சார் அலுவலகத்தில் சொல்லும் கதையே வேறு. "லேமினேட் பண்ணாம இருந்திருந்தா தரையில பரப்பியிருக்க முடியுமா? அழுக்காயிருக்காதா?" கேட்டவர்களில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளின் படங்களோடு லேமினேஷன் கடைக்குப் போயும் விட்டார்கள்.

போன வாரம் மகள் நேராகவே கேட்டாள்: "அப்பா, நீங்க எனக்கு ஒரு சாரி சொல்றது பாக்கி."

"இப்படி வாயால கேட்டா எப்படி? எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். ஒரே பக்கம், தேதியோடு. வாங்கிப் படித்து, துளை போட்டு, டேக் கோத்து, மேலே சிவப்பு மையில் குறிப்பும் எழுதி வைத்தார்: பரிசீலனையில் உள்ளது.

இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.