கதவு மேலே தூக்கும் கார்

சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்த பங்களா ஒன்றில் என் வீட்டுக்காரர் காவல், நான் உள்வேலை. முதலாளியிடம் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் இருந்தது. பந்தயக் கார் ஜாதி. அதுமாதிரி இன்னொன்றை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. இரண்டே பேர் உட்காரலாம். கதவைப் பக்கவாட்டில் திறக்க முடியாது, மேலே தூக்க வேண்டும். இரண்டையும் தூக்கிவிட்டால், உப்பங்கழியில் நீர்க்காகம் சிறகு காயவைப்பதுபோல நிற்கும். முன்விளக்கு மூடிக்குள் படுத்திருக்கும், பொத்தானை அழுத்தினால் எழுந்து பார்க்கும். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க, வெளியே என் வீட்டுக்காரர் துடைப்பார், உள்ளே நான்.

“மொதலாளி அதுல தரையோட தரையா ஒக்காந்துகினு போறத பாத்தா, பந்தியில எலைக்குக் காத்துகினு கீற மேரி கீது” என்று என் காதில் சொல்லிச் சிரிப்பார்.

போன ஆயுத பூஜையன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருகிற வழியைக் காணோம். வீட்டில் வேறு வண்டியும் இல்லை, ஆட்டோவுக்குக் கடைத்தெருவரை போகவேண்டும். முதலாளியும் நானும் அவரைக் காரில் ஏற்றினோம். ஏற்றினோம் என்றா சொல்வது? அவ்வளவு தாழ்ந்த சீட்டு, இறக்கினோம்.

“எனக்கு எடம்?” என்றேன்.

“இதுல இல்லியேம்மா. நீ ஆட்டோல வா.”

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் நான் போய் இறங்கியபோது, வேகத்தடைதோறும் அடி தட்டி ஊர்ந்து அப்போதுதான் வந்த கார் கதவைத் தூக்கியபடி நின்றது. ஆட்கள் இன்னும் அவரை வெளியே எடுத்தபாடில்லை.

“இன்னா அண்ணாத்த, வண்டியா குழியா இது? கால மொதல்ல இழு!” என்று ஒருவன் கத்தினான்.

கூட்டத்தில் பாதிப் பேர் அவரைப் பார்த்தார்கள், பாதிப் பேர் காரை. நானும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். காரை விற்கிறார்களாம், வாங்குகிறவர் அன்றைக்கு வருகிறாராம். முதலாளியம்மா வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார்.

“சாவு பட்ட சீட்டு. தொடச்சு விட்டுடு, தீட்டு போயிடும்.”

“யாரு தீட்டும்மா?”

“தப்பா எடுத்துக்காத. ஊர்ல செய்யறதுதானே?”

“அவுரு அதுல ஒக்காந்ததே அந்த ஒரு தபாதான். அழுக்குன்னா சொல்லுங்க, தொடைக்கிறேன். அது என் வேல. தீட்டுன்னா நான் தொடமாட்டேன். வோணும்னா நீங்களே தெளிச்சிக்குங்க.”

முதலாளி, “விடு, அப்படியே இருக்கட்டும்” என்றார். அம்மா விடவில்லை. எட்ட நின்று மாவிலையால் தெளித்தார். வெளுத்த தோல் சீட்டில் மஞ்சள் பொட்டுப் பொட்டாக விழுந்தது. காய்ந்தால் போகாது என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன்.

வாங்க வந்தவர் கதவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன கறை?” என்று கேட்டது சமையலறைவரை கேட்டது. நான் அரிசியை உலையில் போட்டேன்.