பாண் சுடும் பிள்ளைகளும் என் ஜப்பான் மொழி வகுப்பும்

ஒரு நாட்டில் இரண்டு மொழிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தால், மூன்றாவது மொழி சொல்லிக்கொடுப்பவருக்கு நல்ல வரும்படி. இலங்கை யுத்தத்தின் கடைசி வருஷங்களில், கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடியறையில் ஜப்பான் மொழி டியூஷன் நடத்தினேன். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்ததற்கு நல்லிணக்கம் காரணமில்லை. எல்லோருக்கும் நாட்டை விட்டுப் போகவேண்டியிருந்தது. டியூஷன் கொடுத்துத் தொண்டை கட்டிய என் இனத்தவர்களே, மிச்சம் உங்களுக்கே தெரியும்.

வாள் சண்டை இல்லையா?

காது பழகட்டும் என்று படம் போட்டுக் காட்டுவேன். முதலில் போட்டது ஒரு சாமுராய் படம். அதிலிருந்து பையன்கள் பாடமாக்கியது "உன் தலையை எடுக்கிறேன்" என்ற ஒரே வசனத்தை. வேலை தேட அது உதவாது. பிறகு, ஜப்பானுக்குப் போன பழைய மாணவி ஒருத்தி ஒரு கார்ட்டூன் தொடரை அனுப்பினாள். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஐந்து பேர் பொழுதுபோக்காகப் பாண், அதுதான் பேக்கரி ரொட்டி, சுடப் பழகுகிறார்கள். அவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை, காதல் இல்லை. மா பொங்குமா பொங்காதா என்று அரைமணித்தியாலம் கவலைப்படுவார்கள். ஆனால் பேச்சு தெளிவு.

மடவளையிலிருந்து வந்த மாணவன் ரிஸ்வானுக்கு ஜப்பான் வாகன வியாபாரத்தில் ஆசை. "இது சின்னப் புள்ளைகள்ட படம், மிஸ்" என்று முகம் சுளித்தான். சில கிழமைகள் போயின. ஒருநாள், திரையில் அடுப்பைத் திறக்கப் போகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. வகுப்பை முடித்து இறங்கப் போன என்னை வாசலில் மறித்தான்: "கரண்ட் போனது போகட்டும் மிஸ், பாண் பொங்கிச்சா இல்லையான்டு மட்டும் செல்லிட்டுப் போங்க!"

தாடி வைத்த தங்கச்சி

அதே ரிஸ்வான் கொழும்பில் ஒரு ஜப்பான் வியாபாரியிடம் நேர்முகத்துக்குப் போனான். நல்ல உயரம், அடர்த்தியான தாடி. ஜப்பான் மொழியில் ஆண்கள் வசனத்தை முடிக்கும் விதம் வேறு, பெண்கள் முடிக்கும் விதம் வேறு. வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னேன். அவன் காதில் ஏறியிருந்ததோ அந்த ஐந்து பிள்ளைகளின் குரல். "எனக்கு வேலை தாருங்களேன்" என்பதை, பள்ளிக்கூடப் பிள்ளை தோழியிடம் பட்டர் கேட்கிற குழைவோடு கேட்டிருக்கிறான். வியாபாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாராம். சாயங்காலம் போன் வந்தது: "அல்ஹம்துலில்லாஹ், வேல கெடச்சிட்டு மிஸ். ஆனா அந்த மனிசன் என்னைய 'தங்கச்சி'ன்டுதான் கூப்பிடுறாரு."

பிலிமத்தலாவையில் இறக்கினார்கள்

ஒருநாள் நான் வந்த பஸ்ஸைப் பொலிஸார் மறித்துச் சோதித்தார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், ஹட்டன் தோட்டத்து விலாசம். பையில் புரியாத எழுத்தோடு டிவிடி. "இறங்கு" என்றார் சார்ஜன். பஸ் போய்விட்டது. அப்படி இறக்கப்பட்ட எல்லோரும் வீடு திரும்பிய காலமில்லை அது.

பக்கத்து டிவி திருத்தும் கடையில் டிவிடியைப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து பிள்ளைகளும் தட்டுக் கழுவுவது யார் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். சார்ஜன் நின்றபடி பார்த்தார், பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் அட்டையையும் டிவிடியையும் கையில் தந்து, சிங்களத்தில் கடுமையாகக் கேட்டார்: "கண்ணாடி போட்ட பிள்ளைதானே எல்லாத் தட்டையும் கழுவுது, மற்ற நாலு பேரும் ஏன் உதவிக்குப் போகல்ல?"

வீட்டுக்கார அக்கா

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரி புவனேஸ்வரி அக்கா யாழ்ப்பாணம். அரசாங்கக் கந்தோரில் கணக்குப் பிரிவு. தம்பி குடும்பம் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டு, மாதக்கணக்கில் செய்தியில்லை. வேலை விட்டு வந்தால் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருப்பார். கார்ட்டூன் சத்தம் கேட்டால் மட்டும் மேலே வந்து கடைசி வாங்கில் உட்காருவார். ஜப்பான் மொழியில் ஒரு சொல் தெரியாது. "அர்த்தம் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டேன். கையை அசைத்தார்: "வேண்டாம் பிள்ளை. விளங்காத பாஷையில ஆரோ சந்தோஷமா இருக்கினம், அது போதும்."

துஷ்யந்தி

யுத்தம் முடிந்தது. அக்காவின் தம்பி வரவில்லை. தம்பியின் மகள் துஷ்யந்தி மட்டும் அகதி முகாமிலிருந்து அக்காவிடம் வந்து சேர்ந்தாள். கேட்டதற்கு ஓம், இல்லை என்பாள், வேறு பேச்சில்லை. அழவும் இல்லை. அதுதான் அக்காவுக்குப் பெரிய பயம். கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிவந்தார்.

அன்றைக்குப் பாண் பொங்கவில்லை. கண்ணாடி போட்ட பிள்ளை தேம்பித் தேம்பி அழ, மற்ற நால்வரும் சுற்றி நின்று முதுகைத் தடவினார்கள். என் வகுப்பே "ஐயோ பாவம்" என்றது. துஷ்யந்தி சிரித்துவிட்டாள். "என்னம்மா?" என்று பதறினார் அக்கா. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: "பாணுக்குப் போய் அழுகினம், மாமி. எனக்கும் அப்பிடி ஒருக்கா அழவேணும் போல கிடக்கு."

மொழி வாத்தியார் என்பவர், சொல்லுக்கு அர்த்தம் சொல்லச் சம்பளம் வாங்கிக்கொண்டு, முக்கியமான நேரத்தில் ஒரு சொல்லும் கிடைக்காமல், ஏற்கனவே துடைத்த கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நிற்பவர்.