வெறும் வயிற்று மீன்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் பினாங்கில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். இறுதியாண்டு ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது திலாப்பியா மீன். புக்கிட் மெர்தாஜாமுக்கு அப்பால் ஓர் ஏரி. அதிலிருந்த திலாப்பியாக்கள் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவை என்ன தின்கின்றன, எப்படிப் பெருகுகின்றன என்று பார்த்து எழுத வேண்டும். எங்கள் வீட்டில் மீன் சமைத்ததே இல்லை. "படிக்கிறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா?" என்று அம்மா கேட்டார். அதன்பிறகு என் துணிகளைத் தனியாகத் துவைக்கச் சொல்லிவிட்டார்.

மாதம் ஒருமுறை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பேன். ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் அண்ணன் ஏரியில் எனக்காக வலை வீசுவார்.

"பெரிசா நாலு பிடிச்சுத் தரவா, தங்கச்சி?"

"வேணாண்ணே, இந்தச் சின்னதுதான் வேணும். வயித்தை அறுத்து, என்ன சாப்பிட்டிருக்குன்னு எழுதணும்."

"பாசியும் சேறும்தான் சாப்பிட்டிருக்கும் லா. இதுக்கு எதுக்கு யூனிவர்சிட்டி?"

அவர் சொன்னது பெரும்பாலும் சரி. நுண்ணோக்கியில் பாசிதான் தெரிந்தது; நடுநடுவே கொசுப்புழுக்கள். ஆனால் மூன்றாம் மாதம் பெண் மீன்களில் பாதிக்கு வயிறு காலி. சினைப்பையும் சுருங்கிக் கிடந்தது. வலையில் மாட்டியதும் பயந்து கக்கிவிட்டன என்று முடிவுகட்டினேன். அடுத்த முறை, "கொஞ்சம் மெதுவா வீசுங்கண்ணே" என்றேன்.

"வலையை எப்படி லா மெதுவா வீசுறது?" என்று சொல்லிவிட்டு அவர் கரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

அந்த முறையும் அதே கதைதான். ஐந்தாம் மாதம் ஏரியில் நல்ல மழை. வழக்கமாக மீன்களை வாளியிலிருந்து ஐஸ் பெட்டிக்கு மாற்றியதும் வாளித் தண்ணீரைக் கரையிலேயே கொட்டிவிடுவேன். அன்று பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐஸ் பெட்டியை ஆய்வகத்தில் இறக்கிவிட்டு, வாளியோடு வீட்டுக்கு வந்து அதைப் பின்வாசலில் வைத்தேன்.

சற்று நேரத்தில் அம்மா கூப்பிட்டார். "வாளியில பருப்பு ஊறப்போட்டது யாரு?"

எட்டிப் பார்த்தேன். அடியில் மஞ்சள் மணிகள், நூற்றுக்கு மேல். ஒன்றை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள்! தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும் என்று நான் படித்திருக்கிறேன், அடிக்கோடுகூட இட்டிருக்கிறேன். வாய் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது எப்படிச் சாப்பிடும் என்று மட்டும் யோசிக்கவில்லை. வலையில் சிக்கியதும் அவை வாளிக்குள் துப்பியவற்றை மாதாமாதம் நானே கரையில் கொட்டியிருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, குதிக்கவும் தோன்றியது. குதித்தேன்.

"மீன் முட்டையா? என் கையை விட்டுட்டேனே!" என்று அம்மா குழாயடிக்கு ஓடினார்.

அடுத்த முறை ஏரியில் தாடை உப்பிய ஒரு மீனைப் பிடித்து, வெள்ளைத் தட்டின் மேல் அதன் வாயை மெல்லத் திறந்தேன். முட்டைகள் உருண்டு விழுந்தன. அண்ணன் வாய்பிளந்து பார்த்தார். வயிறு காலியாக இருந்தது இதனால்தான் என்று சொன்னேன்.

"எத்தனை நாள் இப்படிப் பட்டினி கிடக்கும்?"

"ரெண்டு வாரம்கூட ஆகலாம்ண்ணே."

அதன்பிறகு அவர், தாடை உப்பிய மீன் வலையில் வந்தால், எனக்கு வேண்டியது போக மற்றதையெல்லாம் தண்ணீரில் விட்டுவிடுவார்.

அப்படிப்பட்ட ஒரு மீனை உயிரோடு கொண்டுவந்து ஆய்வகக் கண்ணாடித் தொட்டியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து, காலையில் போய்ப் பார்த்தபோது தொட்டியெங்கும் எள்ளளவு குஞ்சுகள். கண்ணாடியில் விரலால் தட்டினேன். அத்தனையும் ஒரே பாய்ச்சலில் தாயின் வாய்க்குள் புகுந்துவிட்டன. விரிவுரையாளர் வந்து அவரும் தட்டிப் பார்த்தார். மறுபடி மறுபடி தட்டினார். கடைசியில் நான்தான் அவரைத் தடுக்க வேண்டியிருந்தது.

இதை வீட்டில் சொன்னதும், மறுநாள் அம்மாவே பஸ் ஏறி ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியருகே குனிந்தார். குஞ்சுகள் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தன. மூக்கிலிருந்த தலைப்பு எப்போது நழுவியதென்று அவருக்கே தெரியாது.

"பிள்ளைங்கதான் வெளிய வந்துடுச்சே" என்றார் என்னிடம். "அந்தத் தாய்க்குச் சாப்பிட ஏதாச்சும் போட்டியா?"