தங்கையன் பேரில் ஐந்து ஏக்கர்

எங்கள் ஊர் சிட்டாவைப் புரட்டினால் இன்றைக்கும் தங்கையன் என்ற பேரில் ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கும். அந்த ஒரு வரியின் மேல் எனக்குப் பதினாலு வருஷமாகக் கோபம். யாரிடம் சொன்னாலும், "நீ சரியாத்தான்யா செஞ்ச, சங்கத்துக்காரன் வேற என்ன செய்வான்" என்கிறார்கள். அந்தப் பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. நாலாவது வரை படித்தவன் நான். தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

நன்னிலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். தங்கையண்ணன் எங்கள் தெருக்காரர், பெரிய பண்ணையில் பரம்பரைப் பண்ணையாள். பதினைந்து ஏக்கருக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்ததும், பண்ணையார் தன் ஆட்கள் நாலு பேரை வண்டியில் ஏற்றி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனார். சாட்சிக்கு என்று சொல்லி, ஆளுக்கொரு புது வேட்டி. ரேகை வைத்த பிறகு ஓட்டலுக்குள்ளேயே கூட்டிப்போய்ப் பூரி வாங்கிக் கொடுத்தாராம். "பெஞ்சில உக்கார வச்சாங்க தம்பி. காலை எங்க வைக்கிறதுன்னே தெரியல எனக்கு" என்று அண்ணன் அதை எத்தனையோ வருஷம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் ஐந்து ஏக்கர் அவர் பேருக்கு மாறியது. விளைச்சல் பண்ணைக்கு, கிஸ்தி கட்டுவதும் பண்ணை. பேர் மட்டும் இவருடையது. இவருக்கே அது தெரியாது.

நான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கிளைச் செயலாளரான பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. பினாமி நிலம், அரசு எடுத்து உழுகிறவனுக்குக் கொடுக்கட்டும் என்று நாலு பேருக்காகவும் வழக்குப் போட்டோம். வாய்தா, வாய்தா, வாய்தா. ஆறு வருஷம் ஓடியது.

அப்போது அண்ணன் மருமகள் செவ்வந்தி முழுகாமல் இருந்தாள். மகன் அரசப்பன், அவளுக்கு மூணு மாசம் இருக்கும்போது திருப்பூர் போனவன். அங்கே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டு திரும்பவேயில்லை. வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். கிராம நர்ஸ் மங்களாம்பிகை ரத்தம் பார்த்துவிட்டு வாசலிலேயே சத்தம் போட்டார்.

"ரத்தம் ஏழுதான்யா இருக்கு, பதினொண்ணாவது இருக்கணும்! இந்தப் பொண்ணு இனிமே நடவுக்குப் போவக் கூடாது. கர்ப்பிணிக்குக் குடுக்குற ஆறாயிரம் எதுக்கு இருக்கு? அதை வாங்கி முட்டை, பால்னு குடுத்து வீட்ல உக்கார வைங்க. காப்பீட்டு அட்டைக்கும் எழுதிக் குடுங்க. ரெண்டுக்கும் வருமானச் சர்ட்டிபிகேட்டு வேணும்."

நானும் அண்ணனும் வி.ஏ.ஓ.விடம் போனோம். சிட்டாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"அஞ்சு ஏக்கர் நஞ்சைக்காரரு! ஏழைன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களே, வெக்கமா இல்ல? நான் உள்ள போவணுமா?"

"ஐயா, போன வாரம் அதே வயல்ல வரப்பு வெட்டினேன். கூலிக்கு."

"சொந்த வயல்ல கூலிக்கு வெட்டுன மொத ஆளு நீங்கதான்" என்றார் அவர். பக்கத்தில் இருந்த தலையாரி சிரித்தான். அண்ணனும் கூடச் சிரித்தார். தாசில்தார் வரை போனேன். "பினாமின்னு கோர்ட்டு சொல்லட்டும், அப்பறம் பாப்போம்" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுவாரம் பண்ணைக் காரியஸ்தர் வீடு தேடி வந்தார். நிலத்தைப் பண்ணையார் மகன் சின்னப் பண்ணை பேருக்குத் திருப்பி எழுதிக் கொடுத்தால் போதுமாம், சர்ட்டிபிகேட் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுமாம். அண்ணன் என்னிடம் ஓடிவந்தார்.

"எழுதிக் குடுத்துடட்டுமா தம்பி? நமக்கு எப்ப இருந்துச்சு அந்த நெலம்?"

"அண்ணே, நீங்க எழுதிக் குடுத்தா மத்த மூணு பேர் கேஸும் படுத்துரும். இத்தனை வருஷம் பொறுத்தீங்க. இன்னும் ரெண்டு வாய்தா."

"புள்ளைக்கு மாசம் ஏழு ஆவுதுடா."

"சங்கத்துல வசூல் பண்ணித் தரேன்."

சொன்னேன். நடவு நேரம், எவன் கையில் காசு இருக்கிறது? இருபது வீடு ஏறி இறங்கி அரிசியும் கொஞ்சம் கேழ்வரகும் கொண்டுவந்து போட்டேன். அது எத்தனை நாளைக்கு? எட்டாம் மாதத்தில் செவ்வந்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடவுக்குக் கிளம்பினாள். வழி மறித்தேன்.

"நர்ஸம்மா போவக் கூடாதுன்னுச்சே?"

"நர்ஸம்மா உலை வைக்க வருமாண்ணே? தள்ளுங்க. நான் நெலச்சுவான்தார் வீட்டு மருமக, என்னைய வழியில நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். முகம் வெளுத்துச் சுண்ணாம்பாய் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் சேற்றிலேயே மயங்கி விழுந்தாள். கட்டிலோடு ரோடு வரை தூக்கி வந்து வண்டி பிடித்தோம். போகிற வழியிலேயே உதிரப்போக்கு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாடுபட்டுத்தான் பார்த்தார். ரத்தம் கொடுக்க எங்கள் தெரு ஆட்கள் ஆறு பேர் வரிசையில் நின்றோம். உடம்பில் ஏற்கெனவே இல்லாததற்கு எவ்வளவு ஊற்றுவது? பெண் குழந்தை பிழைத்தது. செவ்வந்தி விடியுமுன் போய்விட்டாள்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொஞ்சம் உருப்பட்டிருப்பேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால் கேட்டு வீடு வீடாக ஏறினார். என் வீட்டுக்கும் வந்தார். என் பெண்சாதி கொடுத்தாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இரண்டு வருஷத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி முற்றியது. அட்டை அப்போதும் கிடையாது. வழக்கு அப்போதும் முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். பேத்தி அவர் கால்மாட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் போயிட்டா அந்த அஞ்சு ஏக்கர் யாரு பேருக்குடா வரும்?"

"உங்க வாரிசுக்கு அண்ணே. அரசப்பன், அவனுக்கப்பறம் பாப்பா."

ரொம்ப நேரம் இருமினார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அது இவ பேருல ஏற வேணாம். நாளைக்கு இவளும் முழுகாம நிப்பா. காரியஸ்தரக் கூட்டிட்டு வா, நான் எழுதிக் குடுத்துடறேன். கேஸை நீ வாபஸ் வாங்கிடு தம்பி."

மற்ற மூன்று பேர் கேஸை நினைத்து நான் காரியஸ்தரைக் கூட்டிவரவில்லை.