நாலு கிலோ கூடிய பெட்டி

புது ரெக்சின் வாடையும் வெறுஞ்சட்டியில் வறுபடும் கருவாட்டு வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் அம்மா வெளிநாடு போன வாரம்தான் நினைவுக்கு வரும். புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், "காம்பரா" என்று நாங்கள் சொல்லும் ஒற்றை அறையில், கண்டியிலிருந்து வாங்கி வந்த கருநீலப் பெட்டி நடுவில் கிடந்தது. அடுப்புக்குப் போகவும் படுக்கப் போகவும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறாள், இரண்டு வருடம். எனக்குப் பத்து வயது, நான் ஒரே மகள். லயத்தை விட்டு இறங்கி ரோட்டோரம் ஒரு துண்டுக் காணி வாங்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை; கேட்கும் வழக்கமும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறியவர் அம்மாவின் தம்பி சுப்பையா மாமா ஒருவர்தான். அதனால் அந்த வாரம் முழுக்க அவர் சொன்னதே சட்டம். பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "முப்பது கிலோதான் அக்கா. அதுக்கு மேல போச்சின்னா ஏத்த மாட்டாங்க" என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். அவர் பெட்டியைச் சொன்னார். நான் அம்மாவை ஏற்றமாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம், பஜாரில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஒருவரிடம் மாமா தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அதைக் கூரை மரத்தில் கட்டி, அப்பாவும் அவருமாகப் பெட்டியைத் தூக்கி மாட்டினார்கள். முள் ஆடி ஆடி முப்பதுக்கு ஒரு கோடு உள்ளே நின்றது. அம்மா தராசைப் பார்க்கவே இல்லை, கைப்பிடியைப் பிடித்து ஒரு முறை அசைத்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்றாள். இருபது வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமந்து, மாலையில் நிறுப்பவரோடு அரைக் கிலோவுக்கும் கால் கிலோவுக்கும் சண்டை பிடித்தவளுக்கு, கை சொல்வதில் இருந்த நம்பிக்கை முள் சொல்வதில் இருந்ததில்லை.

சாயந்தரம் எல்லோரும் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். நான் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர்கள் தலை மறைந்ததும் எழுந்து, பலகைத் தட்டில் கட்டி வைத்திருந்த என் பழைய பள்ளிக்கூடக் "கொப்பி"களை எடுத்தேன். மூன்று வருடத்துக் கொப்பிகள்: தமிழ், கணக்கு, சுற்றாடல். இல்லாமல் போனால் யாரும் தேடாத பாரமான சாமான் வீட்டில் அவைதான். பெட்டியைத் திறந்து, சேலைகளையும் கம்பளியையும் அலுங்காமல் தூக்கி, அடியில் வரிசையாகப் பரப்பினேன். மூடும்போது பெட்டிமேல் ஏறி உட்கார வேண்டியிருந்தது. பிறகு உண்மையாகவே நன்றாகத் தூங்கினேன்.

விடிந்ததும் வேன் வந்தது. அப்பா பெட்டியைக் கயிற்றால் கட்டி முடித்ததும் அம்மா ஒரு பக்கம் தூக்கினாள், தூக்கியவள் நின்றாள்.

"கனமா இருக்கே. நேத்து இப்படி இல்லியே."

"போற நேரத்துல எல்லாம் கனமாத்தான் இருக்கும், புள்ள" என்றார் அப்பா.

அம்மா அதை வேனுக்குள் தள்ளினாள். கம்பளை தாண்டி, பேராதனைப் பாலம் தாண்டி, கடுகண்ணாவை இறக்கத்தில் வேன் வளைந்து வளைந்து இறங்கியபோதும் அம்மா என் கையைப் பிடித்தபடியே இருந்தாள், அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. நானோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். சாயந்தரம் இதே வழியில் நாங்கள் நால்வருமே திரும்பப் போகிறோம் என்பது எனக்கு மட்டும் தெரிந்த செய்தி அல்லவா? கட்டுநாயக்க விமான நிலையத்தில் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு உள்ளே போனபோது மாமாகூடக் கண்ணைத் துடைத்தார். நான் கையாட்டினேன்.

அரை மணி நேரம் கழித்து அவள் வெளியே வருவதைப் பார்த்தபோது எனக்கு எழும்பிய சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தடுப்புக் கம்பிவரை வந்தாள், கையில் கம்பளியும், கருவாட்டுப் பொட்டலமும், சம்பல் போத்தலும் இருந்தன.

"நாலு கிலோ கூடிருச்சாம். எடுத்தாத்தான் விடுவாங்களாம்" என்று அவற்றை அப்பாவிடம் நீட்டினாள்.

"நிறுத்துத்தானே கட்டினோம்?" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டு, "புள்ள அதோட கொப்பியெல்லாம் எனக்கு வச்சிருக்கு. அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக உள்ளே போய்விட்டாள். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அப்பா அடிப்பாரோ என்று பயந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பா அந்தக் கம்பளியை என்மேல்தான் போர்த்திவிட்டார். இரண்டு வருடமும் புசல்லாவைக் குளிரில் அதற்குள்தான் தூங்கினேன்.

அம்மா மூன்றாம் வகுப்போடு கொழுந்துக்குப் போனவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். முதல் கடிதத்தை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாலாவது ஐந்தாவது கடிதத்திலிருந்து பெரிய பெரிய எழுத்தில் அவளே எழுதத் தொடங்கினாள். "தினமும் உன் கொப்பியைத்தான் பார்க்கிறேன், மழை என்று எழுதாமல் மளை என்று எழுதியிருக்கிறாய், டீச்சர் சிவப்பால் கோடு போட்டிருக்கிறா, இனிச் சரியாக எழுது" என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அப்பா அதை லயம் முழுக்க வாசித்துக் காட்டினார். என்ன பாசமான பிள்ளை என்று பெண்கள் என் தலையைத் தடவினார்கள். நான் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது அம்மா மெலிந்து, விடாத இருமலோடு வந்தாள். அந்த வீட்டில் அவளைச் சாமான் அறையில்தான் படுக்க விட்டார்களாம், பகலும் இரவும் ஏசி ஓடுமாம், ஒரு மெல்லிய விரிப்புத்தான் கொடுத்தார்களாம். "நம்ம கம்பளி இருந்திருந்தா சமாளிச்சிருப்பேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அதுவும் அப்பாவிடம். குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குளிரால்தான் இருமல் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதை நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

காணி வாங்கினோம், வீடும் கட்டினோம், நான் படித்துக் கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா இறந்தபின் அம்மா என்னோடும் என் மகளோடும் வந்து இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அலுவலகப் பயிற்சி ஒன்றுக்காக நான் சென்னைக்குப் போக நேர்ந்தது. பெட்டியை நிறுத்துப் பார்த்து, கூடிய சாமானை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது, கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தாள்.

"ஒம் மகளும் கொப்பி வச்சிட்டாளா?"

கட்டிலில் உட்கார்ந்து, முப்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அம்மா, அத ஒங்களுக்கு வாசிக்கன்னு நான் வைக்கல. பெட்டி கனத்தா ஒங்கள ஏத்த மாட்டாங்கன்னு நெனச்சித்தான் வச்சேன்."

அம்மா கதிரையை என் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நான் போகக் கூடாதுன்னா?"

"ஆமா."

"அத வாயால சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். கோபமில்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது. "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். அன்னைக்கு வழி நெடுக நீ சிரிச்சிக்கிட்டே வந்த. புள்ளைக்கே கவல இல்ல, நமக்கு என்னான்னு நெனச்சித்தான் உள்ள போனேன்."

பிறகு எழும்பி, தேத்தண்ணி ஊற்றப் போனாள். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அம்மா காலமானாள்.

நாங்கள் இருந்த லயத்தை இடித்துவிட்டார்கள், பஜாரில் அந்த மரக்கறிக் கடையும் இல்லை. மலைநாட்டில் இன்றும் அதிகாலை வேன்கள் கட்டுநாயக்கவுக்குப் புறப்படுகின்றன, தாய்மார் ஏறிப் போகிறார்கள். அம்மா இல்லாத அந்த இரண்டு வருடத்தில் நான் வளர்ந்தேன், பெரிய மனுஷியானேன், பக்கத்து வீட்டு அத்தைதான் தண்ணீர் ஊற்றினார். பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று அம்மா கடைசிவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. கேட்க அவள் இல்லை.