பிளேன்ரீ நிறத் தண்ணீர்

தண்ணீரில் கால் வைக்குமுன் சூசைதாசன் ஒரு தேநீர்க் கிளாஸை ஆற்றில் அமிழ்த்தி எடுக்கிறான். பழைய காலுறைக்குள் சுற்றிச் சட்டைப் பையில் பத்திரமாகக் கொண்டுவரும் கிளாஸ் அது. நிரம்பியதைக் காலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறான். ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்து உப்புப் பார்த்துத் துப்புகிறான். பிறகுதான், பாலத்தின் மேல் குடையோடு நிற்கும் அக்கா றோசமலருக்குக் கேட்கும்படி முடிவைச் சொல்கிறான்.

"பிளேன்ரீ, அக்கா. சாயம் அளவாய் இறங்கியிருக்கு."

ஆற்றுத் தண்ணீரில் அவனுக்கு மூன்றே வகை. மழையில்லாத நாட்களில் அடிக் கூழாங்கல் தெரிய ஓடுவது வெறுந்தண்ணீர். அதில் ஆளின் நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். கரையிலிருந்து பத்தடி பின்னால் குந்தியிருந்து, ஆக மெல்லிய நூலில் உயிர் இறாலைக் கோத்து விடுவான். மழை பெய்து இரண்டு நாள் கழிந்து, கலங்கல் பாதி தெளிந்து, பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் வருவது பிளேன்ரீ. அந்தத் தண்ணீரில் மீனுக்குக் கண் மங்கி மூக்கு விழித்துக்கொள்ளும். பயம் விட்டுக் கரையோரம் வரும். அதற்கு மத்தி மீனின் வயிற்றுத் துண்டுதான் இரை. நூலும் தடிப்பாக இருக்கலாம். மூன்றாவது பால்ரீ. மலைச்சேறு முழுதும் கரைந்து, கிளாஸுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியாத தண்ணீர். அதற்கு இரையே கிடையாது. "பால்ரீ வந்தால் நூலைச் சுத்திக்கொண்டு கரைக்கு ஏறவேணும். வேறை கதையில்லை."

பலேர்மோ நகரத்தின் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் பவுலுக்கு இந்தக் கிளாஸைக் கண்டால் வாய் சும்மா இராது. "ஒரு கையிலை கிளாஸ், மற்றக் கையிலை தூண்டில். இவர் மீன் பிடிக்கப் போறாரோ, தேத்தண்ணிக்கடை போடப் போறாரோ?" சூசைதாசன் மாலையில் மீனை அடுப்படியில் போடும்போது பவுலின் சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் கடைசியாக நிரப்புவான்.

பலேர்மோவுக்குள்ளேயே ஒரேத்தோ என்ற ஆறு ஓடுகிறது. அதில் அவன் தூண்டில் போடுவதில்லை. "அது ஆறில்லை, ஊத்தைத் தண்ணி ஓடுற கான்." சனிக்கிழமைகளில் முதல் ரயிலேறி, கிழக்கே அரைமணி தூரத்தில் மிலிச்சா ஆறு கடலில் விழும் இடத்துக்குப் போகிறான். தேடுவது ஸ்பீகொலா, கடலிலிருந்து ஆற்று வாய்க்குள் ஏறிவரும் வெள்ளி மீன். "எங்கட கொடுவாவின்ரை தங்கச்சி. கொஞ்சம் மெலிவு, கொஞ்சம் கள்ளம்." அந்த ஊர்க்காரர் நீளக் கம்புகளோடு வருவார்கள். இவனிடம் கம்பு இல்லை. வெறும் தண்ணீர்ப் போத்தலில் சுற்றிய இரு கை விரித்து அளந்த முப்பது பாகம் நைலோன் தங்கூசி நூலும், ஒரு ஈயக்குண்டும், வலக்கை ஆட்காட்டி விரலும்தான். அந்த விரலின் முதல் மடிப்பில் நூல் அறுத்த தழும்பு இருக்கிறது. மீன் இரையை முகர்வதற்கும் தொடுவதற்கும் கவ்வுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தழும்புக்குத் தெரியும் என்று றோசமலர் நினைக்கிறாள். கம்புக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் கம்பை ஊன்றுகிறார்கள். இதை அவள் கோயிலடியில் குறைந்தது ஐந்து பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் அவள் சனிக்கிழமைகளில் பாலத்துக்கு வருவது பெருமை பார்க்க அல்ல. அவர்கள் ஊரில் பேசாலைக் கடற்கரைக்காரர். அங்கே ஆறு இல்லை. கடலில் மழையென்றால் அடிவானத்தில் கறுப்பாக எழும்பி, கண்ணெதிரே நடந்து வரும். தலைக்கு மேலே வானம் வெளித்திருந்தால் பயமில்லை. அந்தக் கணக்கோடுதான் சூசைதாசன் போன கார்த்திகையில் ஆற்று நடுவே இருக்கும் கூழாங்கல் திட்டில் நின்றான். அன்று வெயில் எறித்தது. மழை பெய்தது மலைக்கு அந்தப் பக்கம். கணுக்கால் தண்ணீரைக் கடந்து திட்டுக்குப் போனவன், இடுப்பளவு தண்ணீரில் ஒரு பூட்ஸை விட்டுவிட்டுக் கரையேறினான். வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னது: "இந்த ஆறு சொல்லாமல் வருது, அக்கா."

அன்றிலிருந்து றோசமலரின் வேலை மலைப் பக்கம் பார்ப்பது. பாலத்தடியில் நிறம் மாறினால், நாணல் குச்சிகளும் நுரையும் வந்தால், குடையை விரிக்க வேண்டும். குடை விரிந்தால் அவன் வெளியே வர வேண்டும்.

"நீங்கள் குடையோடை நிண்டால் மழை வரப்போகுதெண்டு மீனெல்லாம் பயப்பிடும்."

"மீன் பயப்பிடட்டும். உனக்கு அந்தப் பயம் இல்லாததுதான் எனக்குக் கரைச்சல்."

தொண்ணூற்றாறு மாசியில் அந்தக் கரைச்சல் இரண்டு மடங்காயிற்று. பெர்மெசோ என்ற தங்கும் அனுமதி இல்லாமல் வேலை செய்பவர்களுக்கு அரசாங்கம் அப்போது கதவைக் கொஞ்சம் திறந்திருந்தது. வேலை கொடுப்பவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பங்குனி முடிந்தால் கதவு மூடிவிடும். றோசமலருக்கு முன்பே பெர்மெசோ கிடைத்துவிட்டது. தம்பிக்கு இல்லை. கடிதம் கிடைத்தால்தான் அவன் மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து கூப்பிட முடியும். மகளுக்கு ஐந்து வயது. அவன் அவளைப் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறான்.

கையெழுத்திட வேண்டியவர் அவன் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா. அவருடைய தகப்பனாரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டுவதுதான் சூசைதாசனின் வேலை. கிழவனாருக்குக் கண் தெரியாது. மீன் வந்தால் சமைக்குமுன் தன் கையில் தரச் சொல்வார். அதன் வாய்க்குள் விரல் விட்டுத் தூண்டில் ஏறிய ஓட்டையைத் தேடுவார். ஓட்டை இருந்தால் சிரிப்பார். இல்லாவிட்டால், கோழிபோல அடைத்து வளர்த்த மீன் என்று தள்ளிவிடுவார். அன்று முழுவதும் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். சிஞ்ஞோரா இரண்டு மாதமாகக் கடிதத்தைத் தள்ளிப்போட்டவர், இந்தமுறை தெளிவாகவே சொல்லியிருந்தார்: அப்பாவுக்கு ஒரு ஸ்பீகொலா கொண்டுவா. சாப்பாடு முடிய உட்கார்ந்து எழுதுவோம்.

சனிக்கிழமை தண்ணீர் பிளேன்ரீயாகத்தான் இருந்தது. எட்டு மணிக்குக் கடிக்கவில்லை, ஒன்பதுக்கும் இல்லை. சூசைதாசன் இரையை மாற்றினான், ஈயத்தை மாற்றினான், கடைசியில் திட்டின் கடற்பக்க நுனிக்கே போனான். றோசமலருக்கு மலைப் பக்கம் பார்க்க மனம் வரவில்லை. ஒரு மீன், மாதாவே, ஒரு மீன் என்று நூலையே பார்த்தாள். நூல் விறைத்தது. தம்பியின் முதுகு வளைந்தது. அந்த வளைவிலேயே மீன் பெரியது என்று தெரிந்தது.

அப்போதுதான் அவள் திரும்பி, காலுக்குக் கீழே பார்த்தாள். நாணல் குச்சிகள். ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குப் பின்னால், தடித்த பால்ரீ.

குடையை விரித்தாள். அவன் கண்டான், அவன் கண்டதை அவளும் கண்டாள். ஆனால் நூலை விடவில்லை. மீன் கடலைப் பார்த்து ஓடியது, அவன் இரண்டு பாகம் விட்டு, ஒரு பாகம் இழுத்தான்.

"சூசை! பால்ரீ!"

"ஒரு நிமிசம், அக்கா!"

திட்டுக்கும் கரைக்கும் இடையே காலையில் வாத்து நடக்கக்கூடிய தண்ணீர் இருந்தது. இப்போது அதில் குச்சிகள் சுழன்றன. றோசமலர் மறுபடி கத்தவில்லை. தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி தம்பி மகளின் பெயரை மட்டும் சொன்னாள், உரக்க, ஒரு தடவை.

அவன் நூலைப் பல்லில் வைத்துக் கடித்து அறுத்தான். முதுகு நிமிர்ந்தது. போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் குறுக்காக நடந்து கரையேறினான். கிளாஸ் திட்டிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் திட்டும் தெரியவில்லை.

ரயில் பாதி வழி வந்திருந்தது.

"ரெண்டு கிலோவுக்குக் குறையாது," என்றான்.

"ஓம்."

"நீங்கள் மீனைக் காணேல்லையே."

"உன்ரை முதுகைக் கண்டன்."

பல்லரோவின் மீன் கடைகளைச் சூசைதாசன் தினமும் கடந்து போகிறவன்தான். கண் மங்கினது, செவுள் வெளுத்தது என்று சொல்லிக்கொண்டே போவானே தவிர, நின்றதில்லை. அன்று நின்றான். கடைக்காரன் அவனை அடையாளம் கண்டு, ஆறு வற்றிவிட்டதா என்று கேட்டான். சூசைதாசன் தலை குனிந்தபடி ஏழெட்டு ஸ்பீகொலாக்களின் செவுளைத் திறந்து பார்த்து, ஒன்றை எடுத்தான். தாள் சுற்ற விடவில்லை.

பக்கத்துச் சந்தில், ஒரு வாசற்படியில் குந்தினான். மீனை மடியில் கிடத்தி, சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த தூண்டில் முள்ளைக் கழற்றி, அதன் வாயைப் பெருவிரலால் திறந்தான்.

"எந்தப் பக்கம்?" என்றாள் றோசமலர்.

"வலது கடைவாய். கிழவன் அங்கைதான் தேடும்."

முள்ளை உள்ளிருந்து வெளியே ஏற்றி, உயிர் மீன் இழுத்தால் எப்படிக் கிழியுமோ அந்த அளவுக்கு, நிதானமாக ஒருமுறை திருகினான். சந்தின் முனையில் பவுல் யாரோடோ கதைத்துக்கொண்டு வருவது கேட்டது. வெயில் சுளீரென்று எறித்தது. றோசமலர் குடையை விரித்து, தம்பிக்கு முன்னால் சரித்துப் பிடித்தாள்.