செவலைக்கு ஒரு ஒரிஜினல் வைத்தியர்

என் மனைவி பாண்டீஸ்வரி திருச்சுழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பதினான்கு வருஷமாக ஊராரின் சான்றிதழ்களைக் கண்ணாடியில் கவிழ்த்துப் போட்டு நகல் எடுத்து வருபவள். சாதிச் சான்று, வருமானச் சான்று, செத்தவர் செத்ததற்கான சான்று எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். முத்திரை கொஞ்சம் நகர்ந்திருந்தாலும், எழுத்து ஓரிடத்தில் தடித்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் புத்தி கடையோடு நின்றால் பரவாயில்லை. யாராவது தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டால், "ஒரிஜினல் இருக்கா?" என்பாள். ஒரு கல்யாண வீட்டில் சமையல்காரரிடமே கேட்டுவிட்டாள். அன்று நாங்கள் பாயசம் இல்லாமல் வந்தோம்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில். வானம் பார்த்த கரிசல். பருத்தியும் குதிரைவாலியும் போடுவோம். மழைதான் குறைவு, மாட்டு வைத்தியர்களுக்குக் குறைவில்லை. இங்கே வைத்தியருக்குப் படிப்பு வேண்டாம், கைராசி இருந்தால் போதும். அவர் தொட்டுப் பிழைத்த மாடுகளை ஊர் மறக்காது. அவர் தொட்டுச் செத்த மாடுகள் எல்லாம் விதி முடிந்து செத்தவை. இப்படி ஒரு கணக்கு இருந்தால் நான்கூட வைத்தியனாகலாம்.

கைராசிக்காரர்களில் தலையானவர் பால்ச்சாமி. எனக்குத் தாய்மாமன், பாண்டீஸ்வரிக்குச் சித்தப்பா முறை. அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியதில்லை. என் கல்யாணத்துக்குத் தேதி குறித்ததே அவர்தான். நல்லவேளை, அதற்கு யாரும் அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

போன தை மாதம் எங்கள் செவலைப் பசு இரண்டாவது கன்று போட்டது. கன்று பெரிது, சிரமப்பட்டுத்தான் வந்தது. கன்று எழுந்து துள்ளியது, தாய் எழவில்லை. தீவனம் தின்றது, அசை போட்டது, முன்னங்காலை ஊன்றியது. பின்பக்கம் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. மாடு படுத்துப் பத்து நாள் தாண்டினால் பிறகு எழுவது அபூர்வம். இது எங்களுக்குத் தெரியும். அடிமாட்டு வியாபாரிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மறுநாளே வாசலில் பைக்கை நிறுத்தி, "மாடு எப்படி இருக்கு?" என்று துக்கம் விசாரித்தார். பாண்டீஸ்வரி அன்று சாப்பிடவில்லை. அந்தப் பசுவை அவள் கன்றாக வாங்கி வந்து வளர்த்தவள்.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து சுமதி டாக்டர் வந்தார். மருந்து ஏற்றினார், இடுப்பிலிருந்து குளம்பு வரை தடவிப் பார்த்தார்.

"எலும்பு முறியல. கன்னு வரும்போது நரம்பு நசுங்கியிருக்கு. மணல் பரப்பிப் படுக்க வைங்க. மூணு மணி நேரத்துக்கு ஒருக்க புரட்டிப் போடுங்க. யாரையும் காலைப் பிடிச்சு இழுக்க விட்டுறாதீங்க. இனி பிசியோதெரபிதான். முறையாப் படிச்சவங்களாத் தேடுங்க" என்றார்.

மாட்டுக்குப் பிசியோதெரபி என்றதும் டீக்கடை இரண்டு நாள் சிரித்தது. அடுத்து ஆட்டுக்குப் பல் டாக்டர், கோழிக்குக் கண்ணாடி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சிரித்து ஓய்ந்ததும் ஆளுக்கொரு வைத்தியரின் நம்பரையும் தந்தார்கள். சிரிப்பதற்கும் உதவுவதற்கும் எங்கள் ஊரில் ஒரே ஆட்கள்தான்.

முதலில் வந்தவர் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஊசி குத்தி நரம்பை எழுப்புகிறவர். கேட்காமலே லேமினேஷன் போட்ட சான்றிதழை நீட்டினார். பாண்டீஸ்வரி அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள்.

"பேரு ஒரு எழுத்துல இருக்கு, மத்ததெல்லாம் வேற எழுத்துல இருக்கே. இதுல மொதல்ல யாரு பேரு இருந்துச்சு?"

அவர் ஊசிகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவசர வேலையாம்.

இரண்டாமவர் போனிலேயே வைத்தியம் செய்பவர். மாட்டின் போட்டோவை அனுப்பினால் போதும், இருந்த இடத்திலிருந்தே சக்தியை அனுப்புவேன் என்றார். "சரிங்க. போட்டோவுல மாடு எந்திரிச்சு நின்னுச்சுன்னா எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்க" என்று போனை வைத்துவிட்டாள் பாண்டீஸ்வரி.

மூன்றாமவர் வெளியிலிருந்து வரவில்லை. அவள் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் என் மாமன் வந்தார்.

"ஏலே மருமகனே, எலும்பு எறங்கிப்போய்க் கெடக்கு. இழுத்துவிட்டா அது பாட்டுக்கு உக்காந்துரும். இதுக்குப் போயி ஊர் ஊராவா ஆளு தேடுறீக?"

டாக்டர் இழுக்கக்கூடாது என்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் தாய்மாமன் வாசலில் நிற்கும்போது டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இடது பின்னங்காலில் கயிற்றைக் கட்டினார். ஒரு முனையை என் கையில் தந்தார். இழுத்தேன். செவலை அப்படி ஒரு கத்து கத்தியதை நான் அதுவரை கேட்டதில்லை.

"சத்தம் வந்துச்சுல்ல, உக்காந்துருச்சு" என்றார் மாமன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மாடு உட்கார்ந்தபடியேதான் இருந்தது. அந்த வகையில் அவர் சொன்னது சரி.

கயிறு பதிந்த இடத்தில் மண்ணைத் தடவி மறைத்தேன். சாயங்காலம் பாண்டீஸ்வரி மாட்டைப் புரட்டிப் போட வந்தபோது நான் காய்ந்த பருத்தி மார்க் குவியலுக்குப் பின்னால் இல்லாத வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அவள் கடைசியில் சுமதி டாக்டரிடமே கேட்டு ஒரு பெயர் வாங்கினாள். மதுரையில் ஹரி என்று ஒருவர். கால்நடை மருத்துவம் படித்து, அதற்குமேல் விலங்குகளுக்கான பிசியோதெரபியும் படித்தவர். டாக்டர் சொல்லியும் இவள் நம்பினாளா? போனிலேயே அவர் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கடைக் கம்ப்யூட்டரில் தட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் மறுபடி பேசினாள். அவர் கோபப்படவில்லை.

"சரிங்கம்மா. இப்ப நான் கேக்குறேன். மாட்டைப் பார்த்த டாக்டர் எழுதின சீட்டு இருக்கா? அது இல்லாம நான் தொட மாட்டேன்" என்றார்.

பாண்டீஸ்வரி போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஐந்து நாளில் அன்றுதான் சிரித்தாள். இதுவரை பேசிய வைத்தியர்களில் மாட்டுக்கு என்ன செய்கிறது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுகிறேன் என்றவர் இவர் ஒருவர்தான்.

ஆறாம் நாள் காலை அவர் காரில் வந்தார். தூக்கிக் கட்டும் பெல்ட்டு, சின்னப் பெட்டியில் ஏதோ கருவி. ஊரே கூடியது. மேற்பார்வை செய்ய என் மாமனும் வந்து முன்னால் நின்றார்.

ஹரி சுமதி டாக்டர் எழுதிய சீட்டை இரண்டு முறை படித்தார். மண்டியிட்டு மாட்டின் முதுகை, இடுப்பை, தொடையைத் தடவினார். இடது தொடையின் உட்பக்கம் கை போனதும் செவலை துடித்தது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"இங்க வீங்கிச் சூடா இருக்கு. சீட்டுல இது இல்ல. இது புதுசு. யாராச்சும் காலைப் பிடிச்சு இழுத்தீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். மாமன் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"இல்ல சார். புரளும்போது மாடே இழுத்துக்கிட்டிருக்கும்" என்றாள் பாண்டீஸ்வரி.

அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே மண்ணைத் துடைத்துப் பார்த்திருக்கிறாள். ஊர் முன்னால், மாமன் முன்னால் என் மானம் போகக்கூடாது என்று, வாழ்க்கையில் ஒரு பொய்க் காகிதத்தைக்கூட விடாதவள் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். நான் ஆம்பளை மாதிரி மீசையை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறேன்.

"அப்படின்னாச் சரி" என்று ஹரி பெல்ட்டைப் பிரித்தார். "தசை கிழிஞ்சிருந்தா இன்னிக்குத் தூக்கக் கூடாது. கால் விரிஞ்சா மொத்தமாப் போயிடும். அதுக்குத்தான் கேட்டேன். நாலு பேர் வாங்க, தூக்குவோம்."

பாண்டீஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சொன்ன பொய்யை அவள் மாற்றவில்லை. நாலு பேர் வந்து பெல்ட்டைப் பிடித்தார்கள்.

"தூக்காதீக" என்றேன். "நான்தான் இழுத்தேன். மூணு நாளைக்கு முன்ன. கயித்தைக் கட்டி, நானும் மாமாவும்."

"ஏலே, என்ன பேசுற?" என்றார் மாமன்.

"இழுத்தோம்ல மாமா. அது கத்துச்சுல்ல."

ஹரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெல்ட்டைச் சுருட்டி வைத்தார். கால் விரியாமல் இருக்க இரண்டு பின்னங்கால்களையும் மெத்தென்ற பட்டையால் சேர்த்துக் கட்டினார். ஒத்தடம் கொடுப்பது, நீவுவது, காலை மடக்கி நீட்டுவது எல்லாவற்றையும் எனக்குக் கற்றுத் தந்தார். ஐந்து நாள் கழித்து மறுபடி வந்துதான் தூக்கினார். பதிமூன்றாம் நாள் செவலை நடுங்கிக்கொண்டே தானாக எழுந்து நின்றது. பாண்டீஸ்வரி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

மாமன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு டீக்கடையில், "அன்னைக்கு நான் இழுத்துவிட்டது இப்பத்தான் வேலை செஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நாலைந்து பேர் தலையாட்டினார்களாம். அவருடைய கைராசிக்கு ஒரு குறையும் இல்லை.

செவலை இப்போது மேய்ச்சலுக்குப் போகிறது. இடது காலை மட்டும் லேசாக இழுத்து வைக்கும். அது அப்படியேதான் இருக்கும் என்று ஹரி சொல்லிவிட்டார். வழியில் யாராவது காலுக்கு என்ன என்று கேட்டால், "கன்னு போட்டதுல வந்தது" என்கிறாள் பாண்டீஸ்வரி.

"இல்ல, நான் இழுத்ததுல வந்தது" என்று நான் சொல்கிறேன்.